கசிந்ததா என்று கேட்டார்

பொங்கல் பானை எனக்கு ஒருநாளும் அடிப்பிடித்ததில்லை. நாச்சியாபுரம் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில், பங்காளி வீடுகளுக்கு வாழ வந்த பெண்கள் மட்டுமே பொங்கல் வைக்கலாம். அந்தப் பானையை ஏற்றிய அன்றுதான் நான் சேவுகப்பெருமாளின் மனைவியானேன் என்று சொல்வேன். தாலியெல்லாம் அதற்கு முந்திய சங்கதி.

போன மாசியில் பூசாரி மலையாண்டி கேட்டார். "என்ன ஆத்தா, மறுபடியும் பொங்கலா? ஐயா தலையில உள்ள கட்டி கரையணும்னு வேண்டிக்கிட்டு அந்தம்மா போன வாரந்தான வச்சுட்டுப் போனாக?"

"எந்தம்மா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நெற்குப்பையில் என் வீட்டுக்காரர் போய்வரும் புஷ்பவள்ளியை எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்து பழகியிருந்தேன். கட்டிதான் தெரியாது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பேப்பரை மடிக்கவில்லை.

"மூளைக்குள்ள இல்ல, மேல சவ்வுல. ரத்தம் கித்தம் கசியல, ஒண்ணும் செய்யாதுன்னு மதுரையில சொல்லிட்டாக. உங்கிட்டச் சொன்னா ஊரைக் கூட்டுவ."

"பொங்கலு?"

"அழுதா. வச்சுட்டுப் போறா, விடு."

நான் ஊரைக் கூட்டவில்லை. காபி கொண்டுவந்து வைத்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை, காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னது நான்தான். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆஷ்லின் ஸ்கேன் பார்த்துவிட்டு ஓடிவந்தார். சின்னப் பெண்.

"பக்கவாதம்மா. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கரைக்கிற ஊசியை இப்பவே போட்டாப் பேச்சு திரும்ப வாய்ப்பிருக்கு. ஆனா தலையில ஒரு கட்டி தெரியுது. வெளிச் சவ்வுல இருக்கிற மாதிரிதான் இருக்கு, அதுன்னா பெருசாப் பயமில்ல. முன்ன எப்பவாச்சும் அதுல ரத்தம் கசிஞ்சுதா? கசிஞ்சிருந்தா ஊசி ஆபத்து."

வீட்டுக்காரியைத்தானே கேட்பார்கள்.

"கசிஞ்சிருக்கு தாயி" என்றேன். "மதுரையில சொன்னாக."

படுத்திருந்த என் வீட்டுக்காரர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார்.

"ஐயா என்னமோ சொல்ல வர்றாரே?"

"பயப்படுறாக."

ஊசி போடவில்லை.

இப்போது பேச்சும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. நான்தான் ஊட்டுகிறேன், துடைக்கிறேன், திருப்பிப் போடுகிறேன். புஷ்பவள்ளி ஒருநாள் வாசல்வரை வந்தாள். "உன்னயப் பாக்கணும்னு அவுக ஒரு வார்த்தை சொல்லலியே" என்றேன். போய்விட்டாள்.

அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றாகிவிடாது. அவர் எல்லாவற்றையும் எனக்குத் தெரியாமல் செய்தார். நான் அந்தப் பொய்யைக்கூட அவர் காதில் விழும்படிதான் சொன்னேன்.