மாதிரி வகுப்பில் நோயாளி

எங்கள் பயிற்சிக் கூட்டங்களில் காபி ஒருநாளும் சூடாக இருந்ததில்லை. ஆனாலும் காலையில் வந்தவுடன் எல்லோரும் ஓடுவது அந்தக் காபிக்குத்தான். கொரிய மொழி ஆசிரியர்கள் என்று பெயர். இடுப்பை வளைத்து வணக்கம் சொல்லவும், விரல்களால் இதயம் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளவும் தெரிந்துவிட்டால் போதும், மறுவாரமே வீட்டு வாசலில் பலகை மாட்டிவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கொரிய மொழிச் சங்கம் இவர்களைக் கூட்டி, பயிற்சி என்று சொல்லி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும். நடுவில் அவர்கள் மண்டையில் எதையாவது ஏற்றுவது என் வேலை. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து தலைமைப் பயிற்றுநர் நான்தான்.

நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள். அதனால் நானும் நிதானமாகவே சொல்கிறேன். நேற்று வந்த போலீஸ் அதிகாரி மேசையைத் தட்டினார். அப்படித் தட்டுகிறவர்களிடம் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றுவானேன் என்று இருந்துவிட்டேன்.

என் அறைக்குள் வந்தால் கொரிய மொழி மட்டும்தான் பேச வேண்டும். யார் வாயில் தாய்மொழி வந்தாலும் அவர் கழுத்தில் மஞ்சள் அட்டை ஏறும். அடுத்தவர் தவறும்வரை அதைக் கழற்றக் கூடாது. பைகளும் போன்களும் அலமாரிக்குள் போய்விடும். இல்லாவிட்டால் மேசைக்கு அடியில் போனை ஒளித்துவைத்து அர்த்தம் தேடுவார்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போல. அலமாரிச் சாவி என்னிடம் இருக்கும்.

இறந்துபோனவனை எல்லோரும் 'சீரியல்' என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைக்காட்சித் தொடர் பார்த்தே மொழி கற்றவன். நான் பல்கலைக்கழகத்தில் முதுகொடியப் படித்ததை அவன் சோபாவில் சாய்ந்துகொண்டு படித்தான். மரியாதையாகப் பேச வேண்டிய இடத்தில் காதலியிடம் கொஞ்சுவதுபோல் பேசுவான். கொரியாவிலிருந்து வந்த விருந்தினரிடமே அப்படிப் பேசினான். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு கைகுலுக்கல். பிள்ளைகளுக்கும் அவன் என்றால் உயிர். கோமாளியைப் பிடிக்காத பிள்ளை எங்கே இருக்கிறது? மஞ்சள் அட்டை பாதி நாள் அவன் கழுத்தில்தான் கிடக்கும். அதையும் பதக்கம் வாங்கியவன்போல நெஞ்சை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு திரிவான். எனக்கு அவன்மேல் வெறுப்பு எதுவும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மதியச் சாப்பாட்டின்போது சங்கத் தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லாரி வைத்துத் தொழில் செய்பவர். கொரிய மொழியில் தன் பெயரைச் சொல்லத் தெரியும், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது.

"மேடம், அடுத்த வருஷத்துல இருந்து பயிற்சிய நம்ம சீரியல் தம்பி பார்த்துக்கட்டும். நீங்களும் எவ்வளவுதான் கஷ்டப்படுவீங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

"தாராளமா பார்க்கட்டும்," என்றேன்.

வயிறு எரிந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என் ஆயுளில் பாதியை அந்த அறையில் கொட்டியிருக்கிறேன். அதை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாதிரி வகுப்பு. ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக நடிப்பார்கள். அன்றைய பாடம், மருத்துவரிடம் போவது. வீட்டில் டியூஷன் எடுக்கும் ஒரு அம்மாள் மருத்துவர். நோயாளியாக நடிக்க அவனை நான்தான் அழைத்தேன். அப்போதுதான் கிடங்கிலிருந்து பழைய நாற்காலிகளைத் தூக்கிவந்து தட்டிப் போட்டிருந்தான். தலையெல்லாம் தூசி. காலையில் அறை வாசலில் பையைக் கொடுக்கும்போது அவன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"அக்கா, இதுல என் இன்ஹேலர் இருக்கு. தூசி பட்டா எனக்கு மூச்சு இழுக்கும்."

"வேணும்னா கேளு, எடுத்துத் தர்றேன்," என்று சொல்லித்தான் பூட்டினேன்.

முதலில் இருமினான். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தான். அறை கைதட்டியது. டியூஷன் அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று கொரிய மொழியில் ராகம் போட்டுக் கேட்டாள். அவன் உதடுகள் நீலம் பாய்ந்தன. பின்வரிசைக்கு அது தெரிந்திருக்காது. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரிந்தது.

"அக்கா... என் பை..." என்றான்.

தாய்மொழி. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். மஞ்சள் அட்டையை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினேன். அறை குலுங்கிச் சிரித்தது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். நான் மெதுவாக விடுவித்துக்கொண்டேன். பிறகு அவன் கொரிய மொழியில் ஏதோ சொன்னான், சரிந்தான். யாரோ அலறினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் நடிக்கிறான் என்று நினைத்தேன் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். பிறகு, கொரிய மொழியில் கேட்டிருந்தால் அந்த நொடியே அலமாரியைத் திறந்திருப்பேன் என்றேன். நீங்களும் ஏறக்குறைய நம்பிவிட்டீர்கள். அந்த அறையில் இருந்த அத்தனை ஆசிரியர்களும் எனக்கு ஆதரவாகத்தான் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். சற்றுமுன் டியூஷன் அம்மாளின் சாட்சியத்தை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள்.

"கடைசியா என்னமோ உளறினாரு சார். எங்க யாருக்கும் புரியல. மேடத்துக்கே புரியல."

அந்த மக்குகளுக்குப் புரியாததில் ஆச்சரியம் இல்லை. பாடப் புத்தகத்தில் இல்லாத வாக்கியம் அது. ஆனால் எனக்குப் புரியவில்லை என்று அவள் எப்படிச் சொல்லலாம்? எனக்குப் புரியாத கொரிய வாக்கியம் ஒன்று அந்த அறையில் இதுவரை பேசப்பட்டதில்லை. அந்தப் பொய் உங்கள் கோப்பில் ஏறுவதை நான் அனுமதிக்க மாட்டேன். அதனால்தான் உங்களைத் திரும்பக் கூப்பிட்டேன்.

அலமாரியில் இருக்கும் என் பையை எடுத்துக் கொடுங்கள், மூச்சு நின்றுவிடும், தயவுசெய்யுங்கள் என்றான். மரியாதை துளியும் குறையாமல் கேட்டான். அவன் பேசி நான் கேட்டதிலேயே மிக நல்ல கொரிய மொழி அதுதான். சாவியை என் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நல்ல மாணவனிடம் எந்த ஆசிரியரும் சொல்வதையே நானும் சொன்னேன். ரொம்ப அழகாகச் சொன்னாய், பின்வரிசைக்குக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல் என்றேன்.