ஈர வேட்டியில் பிடிபட்டவன்

மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் கண்ணயர்வது என் வழக்கம். கோர்ட்டு இல்லாத நாட்களில் யாருக்காகவும் அதை விட்டதில்லை. ராமக்காளும் அவள் புருஷன் பேச்சிமுத்துவும் என் வீட்டு வாசலுக்கு வந்த அன்று அந்தத் தூக்கம் கெட்டது உண்மைதான். அந்த எரிச்சலில் ஏதோ தப்பான யோசனை சொல்லிவிட்டேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், தம்பி. முகம் கழுவி, காபி குடித்து, நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன்.

நீங்கள் பேச்சிமுத்துவின் வக்கீல். மைத்துனனைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் அவனை ஆறு வருஷமாக ஒதுக்கிவைத்திருக்கிறது. தண்ணீர் எடுக்கவிடுவதில்லை, அவன் பெண்ணைக் கட்டிக்கொள்ள யாரும் வருவதில்லை என்கிறீர்கள். இதைக் கேட்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நீங்கள் கேட்டதும் உட்காரச் சொன்னேன். தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

சண்டைக்கும் சட்டம் உண்டு. பிடிபட்ட சிப்பாயை அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, எதிரியானாலும் காயத்துக்கு மருந்து போட வேண்டும் என்று நாடுகள் ஜெனிவாவில் கூடி ஒப்புக்கொண்டிருக்கின்றன. லண்டனில் என்னோடு படித்தவர்கள் சொத்துச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழ, நான் இதைப் படித்தேன். மதுரைக்குத் திரும்பியபோது பார் ரூமில் ஒரே சிரிப்பு. "வைகையில கணுக்கால் நனையத் தண்ணி இல்ல, இவரு கப்பல் சண்டைக்குச் சட்டம் படிச்சிட்டு வந்திருக்காரு" என்றார் ஒரு பெரிய வக்கீல். முப்பத்தொன்பதில் சண்டை வந்ததும் சிரிப்பு நின்றது. தெற்குக் கரையில் யார் பிடிபட்டாலும் அவனை எப்படி நடத்துவது என்று சொல்ல அரசாங்கத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னை மூத்த சட்ட ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். தல்லாகுளத்து வீட்டுக்கு டெலிபோன் வந்தது.

நான் கல்நெஞ்சக்காரன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் ஒன்றைச் சொல்கிறேன். தனுஷ்கோடி வழியாக இத்தாலியக் கைதிகளை ஒரு ரயிலில் கொண்டுவந்தார்கள். சித்திரை வெயில். சரக்குப் பெட்டிகளுக்குள் அடைத்து, கதவுகளைச் சாத்தி, மதுரை ஜங்ஷனில் நிறுத்திவைத்திருந்தார்கள். நான் போய் அந்தக் கதவுகளைத் திறக்கவைத்தேன். காவலுக்கு வந்த வெள்ளைக்காரன் என்னைத் தள்ளிவிடப் பார்த்தான். உடன்படிக்கையில் உள்ள வாசகத்தை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். பானை பானையாகத் தண்ணீர் போயிற்று. ஒரு கைதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் இல்லை. அந்த வேலை என் கையைவிட்டுப் போனால் அடுத்த ரயிலுக்குக் கதவு திறக்க யாரும் இருக்க மாட்டார்கள். இதை நீங்கள் மறக்காமல் மற்றதைக் கேட்க வேண்டும்.

நாற்பத்து மூன்று மாசியில் அவர்கள் இருவரும் வந்தார்கள். என் குமாஸ்தா முகம்மது கனிதான் அழைத்துவந்தார். கனியின் அண்ணன் கடைக்குப் பேச்சிமுத்து கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து பாரவண்டி ஓட்டுகிறவன். அந்தப் பழக்கத்தில், எங்கள் அய்யாவுக்குச் சண்டைச் சட்டம் அத்துப்படி என்று கனி எப்போதோ பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்த புகை முகத்தில் அப்படியே இருக்க, இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வீட்ல பொணத்தப் போட்டுட்டு வந்திருக்கோம்யா" என்றாள் ராமக்காள். "எங்காத்தா ஒச்சாயி விடியக்கருக்கல்ல போயிருச்சு. எங்கண்ணன் வந்திருக்கு. மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போன அண்ணன். கொள்ளி வைக்க அது ஒண்ணுதான் புள்ள. ஆனா உடுப்பக் கழட்ட மாட்டேங்குது."

மீதியைப் பேச்சிமுத்து சொன்னான். அந்த அண்ணன் சோணைமுத்து மலேயாவில் ஜப்பான்காரன் பக்கம் சேர்ந்த நம் ஆட்களின் படையில் சிப்பாயாகிவிட்டான். ராமநாதபுரம் கரையில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். உளவு பார்த்துச் சொல்லத்தான். அவன் இறங்கியதும் கூட்டத்தை விட்டுவிட்டு, தாயைப் பார்க்க நடந்தே வந்துவிட்டான். வழியெல்லாம் அதே காக்கி உடுப்பு, அதே தோள்பட்டைச் சின்னம். சண்டைக் காலத்தில் காக்கியைக் கண்டால் ஜனங்கள் நம்ம சிப்பாய் என்றே நினைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள்.

"ஆத்தா மொகத்தப் பாத்துட்டுச் சரணடையத்தான் மச்சான் வந்திருக்காரு. அவுக ஆபீசரு சொல்லி அனுப்பினாராம்யா, உடுப்போட பிடிபட்டா சிப்பாயி, செறையில வச்சுச் சோறு போடுவாக, உடுப்பில்லாம பிடிபட்டா ஒற்றன், தூக்குதான்னு. இப்ப நீர்மாலை எடுக்கணும், மொட்ட போடணும், கொள்ளி வைக்கணும். பூட்சும் காக்கியுமா எப்படிய்யா நீர்மாலை எடுக்கிறது? அம்புட்டுச் சனமும் காத்துக் கெடக்கு. கழட்டலாமான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா கழட்டிருவாரு."

நீர்மாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெற்றவர் இறந்தால் பிள்ளைகள் மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு முழுகி, குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டும். பிறகு தலைமயிரும் மீசையும் மழிக்க வேண்டும். ஈரம் காயாமல் கொள்ளி வைக்க வேண்டும். இதைச் செய்யாத பிள்ளை எங்கள் பக்கத்தில் பிள்ளையே இல்லை.

அந்த ஆபீசர் சொல்லி அனுப்பியது சரியான சட்டம். ஒரு சிப்பாய்க்கு அதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லியிருக்க முடியாது. இவர்கள் வந்து கேட்டதும் சரியான கேள்வி. எனக்குத்தான் அது சங்கடமான கேள்வி.

ஏன் என்று சொல்கிறேன். சோணைமுத்து உடுப்போடு பிடிபட்டால் விஷயம் என் மேஜைக்கு வரும். இந்த அரசாங்கத்தின் பிரஜை அரசாங்கத்துக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்திருக்கிறான். ஆனாலும் அவன் உடுப்போடு வந்த சிப்பாய், ஒற்றன் அல்ல என்று நான் எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதிய மறுநாள் என் வேலை போகும். அதற்கு முந்தின வருஷம்தான் ஊரெல்லாம் கலவரம், காங்கிரஸ்காரர்கள் எல்லாரும் ஜெயிலில். நானும் அவர்களோடு போக வேண்டியிருக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. அதே சமயம் உடுப்போடு வந்தவனை ஒற்றன் என்று பொய்யாக எழுதவும் என்னால் முடியாது. என் படிப்பு அதற்கு இடம் கொடுக்காது.

ஆகவே காபியைக் குடித்து முடித்து, "கழற்றலாம். தாய்க்குச் செய்கிற காரியத்தில் சட்டம் தலையிடாது" என்றேன். "காரியம் முடிந்ததும் நாளைக் காலை என்னிடம் கூட்டி வாருங்கள். நானே சரணடைய வைக்கிறேன்" என்றும் சொன்னேன். ராமக்காள் தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்ததும், கழற்றின உடுப்பை எங்கே வைப்பது என்று கேட்டாள். அது வீட்டில் இருந்தால் போலீஸ் வரும்போது உனக்கும் உன் புருஷனுக்கும் ஆபத்து என்றேன். அதிலும் பொய் எதுவும் இல்லை.

"அப்ப ஆத்தாளோடயே போகட்டும்யா" என்றாள் அவள்.

சாயங்காலம் சுடுகாட்டுக்கு லாரியில் போலீஸ் வந்தது. சிதை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்ததாம். மொட்டைத் தலையும் மழித்த மீசையுமாக, ஈர வேட்டியோடு நின்றவனைப் பிடித்து ஏற்றினார்கள். உடுப்பு சிதையில் இருந்தது.

விசாரணை நடத்திய மேஜர் என்னிடம் ஒப்பீனியன் கேட்டு அனுப்பினார். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டும். கேட்காததை எழுதினால் அது வக்கீல் வேலை அல்ல, வம்பு. பிடிபட்டபோது இந்த ஆள் சீருடையில் இருந்தானா, தன் அடையாளத்தை மாற்றியிருந்தானா, மாற்றியிருந்தால் உடன்படிக்கையின் பாதுகாப்பு அவனுக்கு உண்டா என்று கேட்டிருந்தார். சீருடையில் இல்லை, சாதாரணக் கிராமத்தான் உடையில் இருந்தான், தலையும் மீசையும் புதிதாக மழிக்கப்பட்டிருந்தன, பாதுகாப்பு இல்லை என்று எழுதினேன். ஏன் மழித்தான் என்று மேஜர் கேட்கவில்லை. அவர் ஊரில் அம்மா செத்தால் தொப்பியைக் கழற்றுவார்கள், அவ்வளவுதான். மாறுவேடம் போட்டதற்கு மொட்டையைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்று விசாரணையில் அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வார்த்தை அவருடையது. என்னுடையது அல்ல.

தீர்ப்புக்கு முன்னால் ராமக்காள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை விழுந்து கும்பிடவில்லை.

"உடுப்போடதான் வந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கிறாக. உங்ககிட்ட அன்னைக்கே சொன்னோம்ல. நீங்கதான கழட்டச் சொன்னீக."

கட்சிக்காரர் வக்கீலிடம் அந்தரங்கமாகச் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதை அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "சரிங்கய்யா, நீங்க படிச்சவுக" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த வருஷம் ஐப்பசியில் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

பேனாவை மூடிவிடாதீர்கள். நீங்கள் வந்த விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. போலீஸுக்கு யார் சொன்னது என்பதுதானே உங்கள் கேள்வி? அன்று மத்தியானம் மதுரைக்குப் போய்வந்தவன் பேச்சிமுத்து என்பதால் ஊர் அவன் தலையில் கட்டிவிட்டது. அவன் இல்லை. அவர்கள் இருவரும் பஸ்ஸுக்குப் புறப்பட்டபின் நான்தான் டெலிபோனை எடுத்தேன். இன்ன ஊர், இன்ன சுடுகாடு, அந்தி மசங்கும்போது போனால் சரியாக இருக்கும் என்று சொன்னேன். அதற்கு முன்னால் போகவேண்டாம் என்றும் சொன்னேன். பிள்ளை கொள்ளி வைக்கட்டும் என்ற ஒரே எண்ணம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்னால் போயிருந்தால் அவன் உடுப்பில் இருந்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

கனி அடுத்த அறையில் கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. வெளியே வந்து, "அய்யா, அவங்க என்னை நம்பித்தானே வந்தாங்க" என்றார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து வரும் பிரியாணியும் அந்த வருஷத்தோடு நின்றுபோயிற்று. என்னிடம் போய்க் கேட்கும்படி இப்போது உங்களிடம் சொன்னவர் அவராகத்தான் இருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனுஷர்.

கட்சிக்காரர் சொன்னதைக் கோர்ட்டில் சொல்லக் கூடாது என்ற விதி, போலீஸுக்குச் சொல்லும்போது எங்கே போயிற்று என்று உங்கள் முகம் கேட்கிறது. நியாயமான கேள்வி. நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

இதை நீங்கள் ஊர்க் கூட்டத்தில் வாசிக்கலாம். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பேச்சிமுத்துவின் பெண்ணுக்குக் கல்யாணம் கூடட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். நான் பங்குனியில் ஜெனிவா போகிறேன். இந்தச் சண்டையில் நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டுப் புது உடன்படிக்கை எழுதுகிறார்கள். சுதந்திர அரசாங்கமும் என்னைத்தான் ஆலோசகராக அனுப்புகிறது, இந்த விஷயம் தெரிந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? பெற்றோரின் இறுதிக் காரியத்துக்காகச் சீருடையைக் கழற்றிய சிப்பாய் பாதுகாப்பை இழக்க மாட்டான் என்று ஒரு வாசகம் எழுதி வைத்திருக்கிறேன். ஏற்பார்களோ இல்லையோ, எழுந்து நின்று பேசப்போகிறேன். ஆகவே நான் கப்பலேறும்வரை வாசிக்காமல் இருந்தால் உதவியாக இருக்கும்.

போகிறபோது ராமக்காளைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். அன்றைய சட்டம் அப்படி இருந்தது, என் கை கட்டப்பட்டிருந்தது. உன் அண்ணன் மட்டும் உடுப்போடு பிடிபட்டிருந்தால், எந்த மேஜர் வந்து நின்றிருந்தாலும் நான் அவனை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.