காசு கட்டிப் பாத்திரம் தேய்த்தவள்

…காசு கட்டி பாத்திரம் தேய்ச்சேம்மா! ஆமா, உன் காதுல சரியாத்தான் விழுந்துது. கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகந்துக்க, பைய மடியில வச்சிக்க. லேடீஸ்க்கு ஃப்ரீ பஸ்ஸுன்னு பேரு, உக்காரத்தான் எடமில்ல. எங்க விட்டேன்? ஆங், பாத்திரம்.

எல்லாம் எங்க வீட்டுக்காரரால வந்தது. பட்டுப் புடவைக்கு டிசைன் போடுற மனுஷன். கம்ப்யூட்டர்ல அன்னப்பட்சிய வரைஞ்சிக்கினு சும்மா கெடக்கலாமில்ல? போன்ல வீடியோ பாப்பாரு. எவனோ முதுகுல மூட்டையக் கட்டிக்கினு சொல்றான், ஊட்டிக்கு எல்லாரும்தான் போறாங்க, நீ யாருக்கும் தெரியாத ஊருக்குப் போ, அந்த ஊர்க்காரன் மாதிரியே வாழுன்னு. இவருக்குப் புடிச்சிக்கிச்சி. "சர்ப்ரைஸ், ரெண்டு நாளைக்கு துணி எடுத்து வை"ன்னாரு. நான் ஏற்காடுன்னு நெனச்சி ஸ்வெட்டர் எடுத்து வச்சேன்.

எங்க கூட்டிக்கினு போனாருன்ற? தென்னேரிக்கு! தோ, காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு மணி நேரம்! யாருக்கும் தெரியாத ஊராம். அப்ப தென்னேரிக்காரங்கள்லாம் யாரு?

சிரிக்காத. இன்னும் இருக்குது.

ஏரிக்கரை ஓரமா ஒரு வீடு, கெஸ்ட்டா தங்குறதுக்கு நெட்டுல காசு கட்டியிருக்காரு. வாசல்ல 'வெல்கம்'னு கோலம். உள்ளேர்ந்து வந்து நிக்கிறது யாரு? பூவம்மா! எங்க வீட்டுல பதினோரு வருஷம் வேலை செஞ்சவ. மூணு மாசம் முன்னாடி, "இடுப்பு வலிக்கா"ன்னு நின்னுட்டா. அதுக்கப்புறம் நாலு பேர வச்சிப் பாத்துட்டேன், ஒருத்திகூட நெலைக்கல. இந்தக் காலத்துல யாருக்கும்மா பொறுமை இருக்குது? என்னப் பாத்ததும் பேந்த பேந்த முழிச்சா. அப்புறம் கையக் கூப்பி, "வாங்க கெஸ்ட்டு"ங்கிறா!

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். எப்படியாவது பேசி இவள மறுபடியும் வேலைக்கு இழுத்துக்கினு போயிடணும், அவ்ளோதான் என் நெனப்பு.

சாப்பாடு கேவுரு களி, கீரை கடைஞ்சது. குத்தம் சொல்ல முடியாது. சொல்லிப் பாத்தேன், முடியல.

சாப்ட்டு கை கழுவுறேன், பூவம்மா தேங்கா நாரையும் சாம்பலையும் நீட்டுறா. "அக்கா, சாப்ட்டவங்கதான் தேய்க்கணும். ரூலு." தேய்ச்சேன். அவ பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்துக்கினு, "அடியில கரி அப்பிடியே இருக்குது பாரு, இன்னொரு வாட்டி தேயிக்கா… ம், பின்பக்கம்?"ங்கிறா. அதே வார்த்தை! பதினோரு வருஷமா நான் சொன்ன அதே வார்த்தை, அதே ராகம்! எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கிறாரு. அப்புறம் காபி குடுத்தா. கெஸ்ட்டுக்குன்னு தனி டம்ளராம், ஜன்னல்ல கவுத்து வச்சிருக்கா. எங்க வீட்டுலயும் அவளுக்கு… சரி, அத விடு. இப்ப எதுக்கு அது.

எனக்குக் கோவம் வந்துடுச்சி. "காசு கட்டி வந்தவங்க பாத்திரம் தேய்க்கணும்னு எங்க எழுதியிருக்குது? காட்டு!"ன்னேன். அவ பொண்ணு ஜீவிதா, ஏனாத்தூர்ல காலேஜ் படிக்கிறா, அந்த வீட்டு விளம்பரத்த போன்ல எடுத்து நீட்டினா. படிச்சேன். அடேயப்பா, என்ன இங்கிலீஷு! ஒரு கமா தப்பில்ல. தமிழ்ல சொல்றேன் கேளு: 'விருந்தினர் யாரும் இங்கே மகாராஜா அல்ல, சாப்பிட்ட பாத்திரத்தைத் தேய்த்து, சொன்னால் முணுமுணுக்காமல் மறுபடியும் தேய்ப்பவரே உண்மையான ஊர்க்காரர்.' எவ்ளோ திமிரு பாரு! மூணாவது வரியில எனக்கே லேசா சந்தேகம். இந்த செமிகோலன எங்கியோ பாத்திருக்கோமேன்னு…

"உங்களுதுதான் ஆன்ட்டி"ன்னா ஜீவிதா.

ஐயோ, ஆமாம்மா! போன தை மாசம் வந்து, "கிராமத்துல தங்குறதப் பத்தி காலேஜ்ல எழுதச் சொல்லியிருக்காங்க ஆன்ட்டி"ன்னா. கான்வென்ட்ல கட்டுரைக்கு கப்பு வாங்கினவ நான், விடுவேனா? மூணு பக்கம்! வரப்போறது கற்பனை கெஸ்ட்டுதானேன்னு ரூலு ரூலா போட்டுத் தள்ளிட்டேன். அத அப்பிடியே விளம்பரமா நெட்டுல போட்டுட்டா, அதப் படிச்சிட்டு ஜெர்மனியிலேர்ந்துகூட ஆளு வருதாம்!

கெளம்பும்போது மனசக் கல்லாக்கிக்கினு கேட்டுட்டேன். "பூவம்மா, வந்துடு. தனி டம்ளர்லாம் கெடையாது, எங்க டம்ளர்லயே குடி." அவ என் பைய எடுத்துக் கையில குடுத்தா. அப்புறம், "நான் எங்கக்கா வர்றது? இங்க ஆளு பத்தாம திண்டாடுறேன். வர்றவங்ககிட்ட இங்கிலீஷ் பேச ஆளே இல்ல. நீ வர்றியா?"ங்கிறா. என்ன தைரியம்! என்னப் பாத்து! கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நான் இங்கிலீஷ் பேசினது கேஸ் புக் பண்ற மிஷின்கிட்ட மட்டும்தாம்மா. அதுவும் பாதியில கட் பண்ணிடும்.

என்ன பதில் சொன்னேனா? ஏம்மா, இந்த பஸ்ஸு எங்க போவுதுன்னு பாத்துதான ஏறின? வீட்டு வேலையா? அவரு செய்றாரு. ஊர்க்காரன் மாதிரி வாழணும்னு அவருதான ஆசப்பட்டாரு?

யப்பா கண்டக்டர், நிறுத்து, தென்னேரி எறக்கம்! வழி விடும்மா. பத்து மணிக்கு ஜெர்மன்காரங்க அஞ்சு பேரு வர்றாங்க. சாம்பல் போட்டுத் தேய்க்கிறது எப்படின்னு நான்தான் சொல்லித் தரணும். ஒருத்தராவது பின்பக்கத்த விட்டாங்கன்னு வையி… விடமாட்டேன்!