எழுதும் கையும் உழைக்கும் கையும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அறுவை மருத்துவர் ஐயா அவர்களே, ஊசிக்கு அஞ்சாத கைகளோடு வந்திருக்கும் பெரியோர்களே, அந்தக் கைகளைப் பற்றி அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த டயாலிசிஸ் நர்ஸின் பணிவான வணக்கம்!

சாதனை பேச வரவில்லை நான். என் சறுக்கலைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு தையல்காரர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. டயாலிசிஸுக்காகக் கழுத்திலே போட்ட குழாய் தற்காலிகம். எந்த நாள் கிருமி புகுமோ என்ற கவலை. நிலைத்த வழி என்ன? கையிலே தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் பிஸ்டுலா! அதன்பின் அது பொத்திக் காக்க வேண்டிய கை. ஆகவே அதிகம் உழைக்காத கையிலே செய்வார்கள்.

"அண்ணா, எந்தக் கையால எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"வலது கைம்மா."

இடது கையில் ஆபரேஷன் என்று குறித்துவிட்டேன்.

அறுவை அறை வாசலிலே அவர் மனைவி என்னை மறித்தார். "சிஸ்டர், இனிமே இவரு கத்தரி பிடிக்கலாமா?"

"தாராளமா! அந்தக் கையிலயா செய்யப்போறோம்?"

"அந்தக் கையிலதானே கோடு போட்டிருக்கீங்க! சின்ன வயசுல அடிச்சு வலது கையில எழுத வச்சாங்க. வெட்டுறது தைக்கிறது எல்லாம் இடதுதான்."

"ஏண்ணா சொல்லல?"

"நீங்க எழுதறதைத்தானேம்மா கேட்டீங்க!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! அன்று நான் ஐயாவிடம் ஓடினேன். பிழைப்பையே அல்லவா பறிக்கப் பார்த்தேன்?

ஐயா கோபப்படவில்லை. வலது கையை நிதானமாகத் தடவிப் பார்த்தார். மணிக்கட்டுச் சிரை பழைய ஊசிகளால் நைந்திருந்தது. சிரைக்குப் பதிலாகத் தோலுக்கடியில் செயற்கைக் குழாய் வைக்கலாமா என்று கேட்டேன். "அது கடைசிக்கு இருக்கட்டும். முழங்கை மடிப்புல நல்ல சிரை இருக்கு," என்றார். அங்கேயே பிஸ்டுலா அமைந்தது; இரண்டு மாதத்தில் சிரை தடித்துத் தயாரானது.

என்ன தாயே, வலிக்குமா என்கிறீர்களா? குத்தும்போது சுருக்கென்னும், பொய் சொல்ல மாட்டேன்.

இன்று அவர் வலது கையில் ஊசியோடு படுத்தபடி, இடது கையால் அட்டையிலே சட்டைக்கு அளவு வரைகிறார்!

என் சக செவிலியரே, நரம்பைப் பார்த்தோம், நாடியைப் பார்த்தோம், அந்த மனிதரின் தொழிலைப் பார்த்தோமா? இனி இப்படிக் கேளுங்கள்: உங்களுக்குச் சோறு போடும் கை எது? நோயாளிகளே, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வாசலை மறித்தாவது சொல்லுங்கள்!

அப்படி மறித்த அக்கா மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். நான் கற்றது அவரிடம். எழுந்து நின்று அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். அதையே என் நன்றியாக வைத்து, வணங்கி அமர்கிறேன்!