இப்பதான் வந்த விருந்தாளி

மேடையில் ஆய்வகத் தலைவர் ஐயா, நெஞ்சக மருத்துவர் அம்மா. முன்வரிசையில் என் அக்காவோடு ஒரே அறையில் வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவிகள் இருவர், குடுவைகளைக் கழுவித் தரும் அண்ணன், அக்காவின் மகன், மருமகள், அவள் மடியில் குழந்தை. பின்சுவரோரம் காவலாளி அண்ணன். நாற்காலி காலியாக இருந்தும் உட்கார மறுக்கிறார். வராதவர் அத்தான் மட்டுமே. இதே நடைவழியில் அக்காவின் ஆய்வறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டும் எழவில்லை. வந்த அனைவருக்கும் வணக்கம்.

முதுநிலை ஆய்வாளர், நம் 'லென்ஸ் அக்கா' போய்விட்டார்! எதனோடு வாழ்நாளெல்லாம் போராடினாரோ, அந்தக் காசநோய்க் கிருமியாலேயே போய்விட்டார்!

நான் வீட்டோடு இருப்பவள். குடும்பக் கணக்கு எழுதத் தெரியும், கடவுளைக் கும்பிடத் தெரியும். அக்கா சொன்னதையும், அவர் மேசைப் புத்தகங்களில் தட்டுத் தடுமாறிப் படித்ததையும் வைத்தே பேசுகிறேன். பிசகினால் பெரியவர்கள் திருத்துங்கள்.

ஒருநாள் பகலில் இங்கே வந்தேன். வெளியறை விளக்கை அணைத்துவிட்டு நுண்ணோக்கியின் திரையைக் காட்டினார் அக்கா. சாம்பல் நிறத்தில் ஓர் உயிரணு ஊர்ந்துகொண்டிருந்தது. நோயைத் தின்று நம்மைக் காக்கும் அணு. அது கை நீட்டி ஒரு கிருமியை வளைத்து விழுங்கியது. நான் கும்பிட்டேன்.

"முழுங்கிடுச்சுக்கா! கடவுள் காப்பாத்திட்டார்."

"அவசரப்படாதடி. இனிமேதான் இருக்கு."

விழுங்கிய கிருமி ஒரு பைக்குள் கிடக்கும். அமிலம் நிறைந்த வேறு பைகள் வந்து அதோடு ஒட்டினால்தான் கிருமி கரையும். அந்த அமிலப் பைகள் திரையில் சிவப்பாக மினுங்கின. ஒன்று நகர்ந்து வந்தது. கிட்டே வந்தது. நின்றது. திரும்பிப் போனது. இன்னொன்று வந்தது. அதுவும் திரும்பிப் போனது. ஒன்றுகூடத் தொடவில்லை! யார் தடுத்தது? அங்கே யாருமே இல்லையே! அக்கா திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

"பை மேல 'புதுசா வந்திருக்கு'ன்னு ஒரு அடையாளம் இருக்கும். கொஞ்ச நேரத்துல அது மாறணும். மாறினாத்தான் அமிலம் வரும். இவன் மாற விடமாட்டான். வருஷக்கணக்கா 'இப்பதான் வந்தேன், இப்பதான் வந்தேன்'னு உக்காந்திருப்பான். நம்ம பெரிய மாமா மாதிரி."

ரெண்டு நாள் தங்க வந்து, என் கல்யாணம்வரை இருந்துவிட்டுப் போன மாமா அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவராவது சட்டையை மாத்தினார்டி. இவன் அதுவும் மாத்தறதில்ல. வீட்டுக்காரன் கொழுப்பைத் தின்னுக்கிட்டே இருக்கான்."

திரையில் அந்த அணு மறுபடி ஊர்ந்தது. திருடனை வயிற்றில் வைத்துக்கொண்டே திருடனைத் தேடிப் போனது.

அன்று முதல் இந்த ஆய்வகத்தில் அந்தக் கிருமிக்கு 'இப்பதான்' என்றே பெயர். "இன்னைக்கு இப்பதான் எப்படி இருக்கார்?" என்று காவலாளி அண்ணன்கூடக் கேட்பார். அந்த அடையாளத்தை மாற்றவைக்கும் ஒரு பொருளைத் தேடியே அக்கா தேய்ந்தார். ஒரே ஒருமுறை சிவப்புப் பை ஒட்டியது. "ஒட்டிக்கிச்சு! ஒட்டிக்கிச்சு!" என்று, சத்தம் போட்டுப் பேசாத அக்கா நடைவழியெல்லாம் கூவிக்கொண்டு ஓடினாராம்!

பிறகு அக்காவுக்கு இருமல் வந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டோம். "இப்பதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த மாதம் கேட்டோம். "இப்பதான்." மறுபடி சிரித்தோம். வேறு எந்த இடத்திலாவது அந்தப் பதிலுக்கு ஒருவராவது பயந்திருப்பார்கள். இங்கே அது வேடிக்கைச் சொல்லாகிவிட்டது. மருத்துவமனைக்குப் போனபோது கிருமி மூளையைச் சுற்றிய உறைவரை பரவியிருந்தது.

அது எப்போது உள்ளே வந்தது? சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர் அம்மா. போன வருடமாக இருக்கலாம். நானும் அக்காவும் ஒரே போர்வையில் படுத்த வயதிலேயே அது அவர் நெஞ்சுக்குள் பதுங்கிக் கிடந்திருக்கலாம். நான் தலை சாய்த்துத் தூங்கிய நெஞ்சு அது. கடவுளே, எதன் பக்கத்தில் தூங்கினேன்!

அக்காவின் வேலையை மாணவிகள் தொடர்வார்கள். தலைவர் ஐயா வாக்குத் தந்திருக்கிறார். நானும் ஒன்று செய்வேன். நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைத் தேடிப்போய்ப் பரிசோதனைக்கு அழைத்து வருவேன். அதை நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். அத்தான் தலையாட்டிவிட்டார். நானும் வருகிறேன்.

தம்பி, நீதான் பாக்கி. கடைசிவரை அம்மாவுக்குத் துணையாகப் பக்கத்திலேயே படுத்தவன் நீ. நேற்றுக் கேட்டதற்கு, "எனக்கென்ன சித்தி, நல்லாத்தானே இருக்கேன். இருக்குன்னு சொல்லிட்டா குழந்தையைத் தூக்க விடுவாங்களா?" என்றாய். உன் பயம் எனக்குப் புரிகிறது. கிருமி தூங்கிக்கொண்டிருந்தால் அது யாருக்கும் தொற்றாது, மாத்திரையிலேயே அடக்கிவிடலாம் என்று மருத்துவர் அம்மா சொல்கிறார். விழித்திருந்தாலும் மருந்து உண்டு. கொஞ்ச நாள் தள்ளியிருந்தால் போதும். உன் குழந்தை இப்போதுதான் உட்காரப் பழகுகிறது. அதன் நெஞ்சு தாங்காது.

நாளைக் காலையில் போகிறோம். வருகிறாயா, இல்லையா? இன்று மாலைக்குள் எனக்குச் சொல்.