இருபத்திரெண்டில் ஒரு மூச்சு

— அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது. இல்லடா, கம்ப்யூட்டர் இன்னும் பேசல.

— அக்கா, ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு சொல்லு. எழுத்து ஏதாவது ஓடுதா?

— அதை என்கிட்ட கேக்கறே பாரு. எனக்கு ஸ்கிரீனும் ஒண்ணுதான், அதுக்குப் பின்னாடி இருக்கிற சுவரும் ஒண்ணுதான். நீ பிறந்ததுலேர்ந்து நான் இப்படித்தான் இருக்கேன். இன்னும் மறந்து போகுதா?

— ஐயோ, பதட்டத்துல வாயில வந்துடுச்சு. வீடியோ கால் போடு, நான் பாத்துச் சொல்றேன்.

— போன மாசம் போன் கீழ விழுந்து கேமரா கண்ணாடி தூளாச்சு. எனக்கு எதுக்கு கேமரான்னு மாத்தாம விட்டுட்டேன்.

— சரி சரி. எதிர் வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லு.

— எட்டு மணிக்கே பூட்டிட்டுப் போயாச்சு. செருப்புச் சத்தம் படி இறங்கிப் போறதைக் கேட்டேன். இந்நேரம் இந்தக் கட்டடத்துல நானும் தண்ணி மோட்டாரும்தான்.

— மணி என்ன?

— ஒன்பது அம்பது. பதினொண்ணுக்கு வேலைக்கான பரீட்சை. டாக்டர் பேசின பதிவை அனுப்புவாங்க. கேட்டு, டைப் பண்ணி, நாப்பது நிமிஷத்துல திருப்பி அனுப்பணும். போன்ல தட்டி அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க.

— தள்ளி வைக்கச் சொல்லிக் கேளேன். மெஷின் படுத்துக்கிச்சுன்னா அவங்களுக்குப் புரியாதா?

— புரியும். ரொம்ப நல்லாவே புரியும். ‘பாவம், அந்தப் பொண்ணால முடியல’ன்னு அடுத்த பேருக்குப் போயிடுவாங்க. ஒரு வருஷத்துல வேலை கிடைக்கலேன்னா பெட்டியைக் கட்டிட்டு வீட்டுக்கு வந்துடறேன்னு அப்பாகிட்ட ஒத்துக்கிட்டுத்தான் இங்க தனியா வந்தேன். எட்டு மாசம் போச்சு. இதை விட்டா கையில வேற ஒண்ணும் இல்ல. அடுத்தது என்ன, சொல்லு.

— ஆன் பண்ணதுலேர்ந்து என்னென்ன சத்தம் கேக்குது, வரிசையாச் சொல்லு.

— முதல்ல மூணு பீப், நீ வெச்சுக் கொடுத்தது. அது சரியா வருது. தினமும் அந்த பீப்லேர்ந்து முப்பத்தெட்டு எண்ணினா மெஷின் பேச ஆரம்பிக்கும், ஸ்கிரீன்ல இருக்கிறதைப் படிச்சுச் சொல்லும். நடுவுல இருபத்திரெண்டுல மட்டும் ஒரு மூச்சு வாங்கும். உள்ள இருக்கிற காத்தாடியோட சத்தம் இறங்கி, திரும்ப ஏறும். இன்னைக்கு இருபத்திரெண்டுல வாங்கின மூச்சை விடவே இல்ல. காலையிலேர்ந்து நாலு தடவை போட்டுட்டேன். ஒரு தடவை அறுநூறு வரைக்கும் எண்ணினேன்.

— அறுநூறா! உனக்குப் பொறுமை ஜாஸ்திக்கா.

— பொறுமை இல்லடா, வேற வழி இல்ல. அந்த இருபத்திரெண்டு என்னன்னு வந்த புதுசுலயே உன்னைக் கேட்டேன். பழைய டிஸ்க், அப்படித்தான் இருக்கும்னு சொன்னே.

— ம்.

— டிஸ்க்தானே?

— டிஸ்க்காத்தான் இருக்கணும். அக்கா, சும்மா சொல்றேன், சாயங்காலம் பஸ் பிடிச்சு வந்து மொத்தத்தையும் அழிச்சு ஒரேயடியாப் புதுசா போட்டுத் தந்துடறேனே.

— சாயங்காலம் வந்து எனக்கு ஆறுதல் சொல்லப் போறியா? முன்வாசல் அடைச்சிருந்தா மெஷினுக்கு ஒரு பின்வாசல் உண்டுன்னு ஒரு தடவை சொன்னியே. பாதியில நிக்கும்போதே அது வழியா உள்ள போய், எது மறிச்சுக்கிட்டு நிக்குதுன்னு கேக்கலாம்னு.

— அது எல்லாத்துக்கும் கடைசி வழிக்கா. மெஷின் எழும்போது படிக்கிற வரியில போய் ஒரு சொல்லைச் சேக்கணும். கண் தெரிஞ்சவனே தடுமாறுவான்.

— தடுமாறுவான். அவன் எண்ண மாட்டான், பாத்துக்கலாம்னு இருப்பான். உன் லேப்டாப்லயும் இதே லினக்ஸ்தானே? அதை ரீஸ்டார்ட் பண்ணி அந்த இடத்துல நிறுத்து. நீ பாத்து எண்ணிக்கை சொல்லு, நான் இங்க அமுக்கறேன்.

— தப்பாச்சுன்னா?

— இதுக்கு மேல கெட என்ன இருக்கு? பவர் பட்டனை அமுக்கிட்டேன். எட்டு, ஒன்பது, பத்து. செத்துப் போச்சு. திரும்பப் போடறேன்.

— இரு இரு, என்னோடது வரட்டும். ம், வந்துடுச்சு. மூணு பீப் கேட்டதும் ‘ஈ’ எழுத்தைத் தட்டு.

— தட்டியாச்சு.

— இப்போ கீழ் அம்புக்குறி, ஒரு முப்பது தடவை. ஜாஸ்தியாப் போனாலும் பரவாயில்ல, கடைசி வரியைத் தாண்டிப் போகாது.

— முப்பது. அடுத்தது?

— மேல ரெண்டு. ‘எண்ட்’ பட்டன். ஒரு இடைவெளி விட்டு அந்தச் சொல். எழுத்து எழுத்தா சொல்றேன், தட்டிக்கிட்டே வா.

— மெதுவாச் சொல்லு. நீ சொல்றதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் தட்டுவேன்.

— ...எல், எல், சமம், ஒண்ணு.

— எல், எல், சமம், ஒண்ணு. மொத்தம் இருபத்தொரு எழுத்து, சரியா?

— நான் எங்கக்கா எண்ணினேன். இரு. ஆமா, இருபத்தொண்ணு! இப்போ எஃப்-பத்து. அவ்வளவுதான், கிளம்பும்.

— கிளம்பிடுச்சு. எண்ணறேன், பேசாதே.

— ...

— இருபத்திரெண்டு. மூச்சு வாங்குது. நின்னுடுச்சு. இப்போ பின்வாசலா?

— கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-ஒன்பது, மூணும் சேத்து. அப்புறம் பேசற புரோகிராமை நேரா கூப்பிட்டு ஒரு சொல் சொல்லச் சொல்லு. அது உனக்கே தெரியும்.

— தட்டிட்டேன். சத்தம் இல்ல. இன்னொரு தடவை. ம்ஹும்.

— போச்சு. நான் சொல்லல? அக்கா, மணி பத்தே கால். விட்டுடு. அவங்களுக்குப் போன் பண்ணி...

— உன் ஸ்கிரீன்ல கடைசி வரிக்குக் கீழ காலியா ஒரு வரி இருக்கா?

— இல்ல. ஏன்?

— என்னோடது பழைய பதிப்பு. அதுல இருந்தா?

— இருந்தா... ஐயையோ, இருந்தா ரெண்டு மேல போனா நாம தேடற வரிக்குக் கீழ் வரியிலதான் நிப்பே. அது சும்மா ஸ்கிரீன்ல சேதி காட்டற வரி. அங்க என்ன எழுதினாலும் மெஷின் அதை வாசிச்சுக் காட்டிட்டுப் போயிடும், ஒண்ணும் பண்ணாது.

— அப்போ மேல மூணு. பட்டனை அமுக்கறேன், பத்து எண்ணு.

— அக்கா, உனக்கு மட்டும் பதட்டமே வராதா?

— உள்ளங்கை ரெண்டும் ஈரம். பாவாடையில துடைச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு எழுத்தா தட்டறேன். எண்ணுன்னு சொன்னேன்.

— ஒன்பது, பத்து.

— போட்டாச்சு. பீப். ‘ஈ’. கீழ முப்பது. மேல ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ட். இடைவெளி. சொல்லு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, நீ வாயை மூடிக்கோ... இருபத்தொண்ணு. எஃப்-பத்து.

— சாமி சாமி சாமி.

— இருபத்திரெண்டு. நின்னுடுச்சு. இப்போ பின்வாசல்... டேய்!

— என்ன, என்ன?

— பேசுது! என்னோட வழக்கமான குரல் இல்ல, மூக்கடைச்ச மாதிரி பழைய குரல். ஆனா பேசுது. இப்போ எந்த வேலை முடியாம நிக்குதுன்னு லிஸ்ட் கேக்கப் போறேன்.

— அக்கா, ஒரு நிமிஷம் இரு. போனை ஸ்பீக்கர் பக்கத்துல வை. நீ கேக்க வேண்டாம், நான் கேட்டுட்டு என்ன பண்ணணும்னு சொல்றேன்.

— ஏன்? எனக்கு இல்லாதது கண்ணு. காது நல்லாத்தான் இருக்கு.

— இல்ல, உனக்கு டென்ஷன் வேண்டாமேன்னு...

— ‘வெயிட்டிங்.’ ‘வெயிட்டிங்.’ ‘வெயிட்டிங்.’ பதினோரு வேலை வரிசையில காத்துக்கிட்டு நிக்குது. என்னோட பேச்சுப் புரோகிராமும் அந்த வரிசையிலதான் நிக்குது, பாவம். ஒண்ணே ஒண்ணு மட்டும் ‘ரன்னிங்’. அதுதான் வாசலை மறிச்சுக்கிட்டு யாரையும் உள்ள விடாம நிக்குது. பேரை எழுத்து எழுத்தா சொல்ல வைக்கிறேன்.

— அக்கா...

— ஏ. கே. கே. ஏ.

— அது... அது ஒண்ணும் இல்லக்கா.

— ஒண்ணும் இல்லையா? ஏ, கே, கே, ஏ. இந்த உலகத்துல என்னை அக்கான்னு கூப்பிடறவன் நீ ஒருத்தன்தான். என்ன பண்ணுது இது? ஒரே வரியில சொல்லு.

— நீ மெஷினைப் போட்டுட்டேன்னு நம்ம வீட்டுக்கு ஒரு சேதி அனுப்பும்.

— தினமுமா?

— தினமும்.

— நான் பேசறதுக்கு முன்னாடியே அது போய் உங்ககிட்ட பேசிடும். அதுதான் இருபத்திரெண்டு. டிஸ்க் இல்ல.

— சத்தியமா கெட்ட எண்ணத்துல இல்லக்கா. நீ...

— முதல்ல மெஷின். அப்புறம் நீ. மணி பத்து இருபத்தெட்டு. இதை நிறுத்தினா மத்தது எல்லாம் நகருமா?

— நகரும்.

— திரும்ப எழாம முழுசா எடுத்துடறதுக்கும் சேத்துச் சொல்லு.

— முதல்ல ‘டிஸேபிள்’னு போட்டு அந்தப் பேரு. அப்புறம் ‘ஸ்டாப்’னு போட்டு அதே பேரு.

— ...போட்டாச்சு. ரெண்டாவதும் போட்டாச்சு.

— ஏதாவது கேக்குதா?

— வந்துடுச்சு. என் குரல் வந்துடுச்சு. நாலாவது மாடி ஜன்னல் வழியா குதிக்கலாம் போல இருக்கு.

— வேண்டாம்! அப்பாடா. சரி சரி, நீ போய்ப் பரீட்சைக்கு ரெடியாகு. நாம சாயங்காலம்...

— இன்னொரு தடவை அணைச்சுப் போடறேன்.

— பைத்தியமா உனக்கு? ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்கு அணைக்கறே?

— நாளைக்கும் இது தானா எழணும். உன்னைக் கேக்காம எழணும். பீப் வந்துடுச்சு, பேசாதே.

— ...

— இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இருபத்திமூணு. மூச்சு வாங்கல. கேட்டியா? நிக்காம போகுது. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொண்ணு. பேசிடுச்சு. எட்டு மாசமா தினமும் என்கிட்டேர்ந்து ஏழு எண்ணிக்கை எடுத்துக்கிட்டு இருந்திருக்கே. இப்போ நீ சொல்லு. யாரு கேட்டது, அப்பாவா?

— அப்பாவுக்கு இது தெரியவே தெரியாது.

— அப்போ?

— அம்மா.

— பொய் சொல்லாதே. நான் தனியாப் போறேன்னு சொன்ன அன்னைக்கு அப்பா தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போனாரு. சித்தப்பா போன்ல கத்தினாரு. ஒரு வார்த்தை பேசாம என் துணியை மடிச்சுப் பெட்டியில வெச்சது அம்மா ஒருத்திதான்.

— துணியை மடிச்சு வெச்சுட்டு என் ரூமுக்கு வந்தாங்க. அவ காலையில நல்லபடியா எழுந்தாளான்னு மட்டும் தெரிஞ்சா போதும், போன் பண்ணிக் கேட்டா அவளுக்குக் கோபம் வரும்னாங்க. அதான் ஒரு சின்ன டப்பா செஞ்சு கொடுத்தேன். கிச்சன்ல ஃபிரிட்ஜ் மேல இருக்கு. நீ மெஷினைப் போட்டா அதுல பச்சை லைட் எரியும். அது எரியற வரைக்கும் அம்மா டீயைத் தொட மாட்டாங்க. தினமும் ஆறிப் போன டீதான்.

— அம்மா ஒருத்தராவது என்னை நம்பி அனுப்பினாங்கன்னு எட்டு மாசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

— அப்படிச் சொல்லாதேக்கா.

— வேற எப்படிச் சொல்றது? சரி, இத்தனை நாள் ஒழுங்கா ஓடினது இன்னைக்கு எதுக்கு நின்னுச்சு?

— அதுதான் எனக்கும் புரியல. டப்பா பதில் கொடுக்கற வரைக்கும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும்னு எழுதி வெச்சேன். எத்தனை தடவை கேக்கணும்னு அளவு வைக்க மறந்துட்டேன். அங்கேர்ந்து பதில் வரலேன்னா அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே நிக்கும். அம்மா கெட்டில் மாட்டறதுக்குப் பிளக்கைப் பிடுங்கியிருப்பாங்க. கீழ போய்ப் பாத்துட்டு சொல்றேன்.

— போனை வைக்காதே. சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

— எதுக்குக்கா?

— நீங்க எட்டு மாசம் எனக்குத் தெரியாம என்னைப் பாத்தீங்க. நான் ரெண்டு நிமிஷம் கேட்டுக்கறேன். இறங்கு. பத்து நாப்பத்தஞ்சு ஆச்சு.

— ...அம்மா.

— வாடா. காலையிலேர்ந்து மாடியிலயே யார்கிட்ட எண்ணிக்கிட்டு இருக்கே? கணக்குப் பாடம் எடுக்கறியா?

— ஆபீஸ் வேலைம்மா. இந்த டப்பா ஏன் செத்துக் கிடக்கு? கெட்டில் மாட்டப் பிளக்கைப் பிடுங்கினியா?

— கெட்டிலுக்குத்தான் அந்தப் பக்கம் தனியா இருக்கே. தெரிஞ்சுதான் பிடுங்கினேன், நேத்து சாயங்காலம்.

— எதுக்கும்மா? நீதானே கேட்டு வாங்கினே?

— கேட்டேன். எட்டு மாசத்துல ஒரு நாள் கூட அது எரியாம இருந்ததில்ல, ஒரு நாள் கூட நானும் பாக்காம இருந்ததில்ல. இன்னைக்கு அவளுக்குப் பரீட்சை. இன்னைக்கும் எழுந்தாளா எழுந்தாளான்னு இதுக்கு முன்னாடி நின்னா, அவ துணியை மடிச்சு வெச்சு நான் அனுப்பினதுக்கு என்னடா அர்த்தம்? அவ எழுந்திருப்பா, இந்நேரம் ரெடியா உக்காந்திருப்பா. எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் நான் டீயைச் சூடாக் குடிச்சேன்.