கழுவாத கிண்ணம்

பெனாயா: அந்தக் கிண்ணத்தை மட்டும் ஏன்க்கா ஒதுக்கி வச்சிருக்க? பொழுது சாஞ்சா ஓய்வுநாள். அப்புறம் கழுவ முடியாது.

திர்சாள்: பொழுதா? எங்கடா இருக்கு பொழுது? அந்தப் போதகரைச் சிலுவையில ஏத்தினதிலிருந்து எருசலேமே இருண்டு கிடக்கு. பட்டப்பகல்ல விளக்கு வச்சிருக்கோம்...

பெனாயா: அவரை ஏத்தின கொல்கொதா மேட்டுப் பக்கம் திரும்பவே பயமா இருக்குக்கா.

திர்சாள்: கோயில் காவல்காரனுக்கே பயமா? நல்லா இருக்கு!

பெனாயா: கிண்டல் பண்ணாத. குடு, நான் கழுவுறேன்.

திர்சாள்: தொடாதே! நேத்து நம்ம மாடியில அவர் அப்பத்தைத் தோய்ச்சது இதுலதான். தோய்ச்ச துண்டை யாருக்குக் குடுத்தார் தெரியுமா? அவரோட சீஷன் யூதாசுக்கு.

பெனாயா: அவனுக்கா! பந்தியில பெரிய மனுஷனுக்கில்ல அப்படிக் குடுப்பாங்க?

திர்சாள்: அதுக்கு முன்னாடி அவன் காலையும் கழுவிவிட்டார். தண்ணி கொண்டு போனதே நான்தான்.

பெனாயா: காட்டிக்குடுப்பான்னு தெரியாம...

திர்சாள்: தெரிஞ்சேடா! "உங்கள்ல ஒருத்தன்"னு அவர் வாயாலயே சொன்னார். தெரிஞ்சே குனிஞ்சார். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்கு ஆசைப்பட்டான்னு கிணத்தடியில பேசிக்கிறாளுங்க.

பெனாயா: ஆசைப்பட்டவன் அதைக் கோயில்லயே விட்டெறிஞ்சிட்டுத் தூக்குல தொங்குவானா?

திர்சாள்: அப்போ கோபமா? விலை உசந்த தைலத்தை ஒருத்தி அவர் காலுல ஊத்தினதுக்குச் சிடுசிடுத்தானாமே.

பெனாயா: அதுக்கெல்லாம் இல்லக்கா. அவரைப் பிடிச்ச தோட்டத்துல, "நீங்க தேடுற ஆள் நான்தான்"னார். அவ்வளவுதான். தடியும் வாளும் வச்சிருந்த அத்தனை பேரும் மல்லாந்து விழுந்தோம்! யூதாஸ் எங்களைப் பார்க்கல. "இதோ, இப்பத் தன் வல்லமையைக் காட்டப் போறார்"ங்கிற மாதிரி அவர் முகத்தையே பார்த்தான். அவரோ... கட்டுங்கன்னு கையை நீட்டினார்.

திர்சாள்: விழுந்தோமா? வீட்டுல படுத்திருந்தேன்னு சொன்னியே! பெனாயா! வாயைத் திற.

பெனாயா: யூதாஸ் முதல்ல வந்தது என்கிட்டதான்க்கா. "பண்டிகைக் கூட்டத்துல ரோமன் கையில சிக்கினா என் குருவை வெட்டிருவான், நீங்க பத்திரமா வைப்பீங்களா"ன்னு கேட்டான். "ஏழு நாள்தான், பண்டிகை முடிஞ்சதும் விட்டுருவாங்க"ன்னு பலிபீடத்து மேல சத்தியம் பண்ணேன். கோயில் பெரியவங்க எனக்கு அப்படித்தான் சொன்னாங்க; விடிஞ்சதும் அவங்களே அவரை ரோமன்கிட்ட ஒப்படைச்சிட்டாங்க! என் சத்தியத்தை நம்பினானா, அவர் வானத்தையே இறக்குவார்னு நம்பினானா... தெரியல. முத்தம் குடுத்து அவரைக் காட்டிட்டான். நான்தான்க்கா அவரைக் கொன்னேன்.

திர்சாள்: அழாதடா... என் பங்கையும் கேட்டுக்கோ. நேத்து ராத்திரி மாடியிலிருந்து இறங்கி வந்த யூதாஸ் வாசல்ல நின்னுட்டான். திரும்பவும் மேல ஏறப் பார்த்தான். பணப்பை அவன்கிட்டதானே, பண்டிகைக்கு ஏதோ வாங்கத்தான் அனுப்பியிருக்கார்னு நினைச்சிட்டேன். "கடை சாத்திருவாங்க, ஓடுய்யா"ன்னு முதுகுல கை வச்சுத் தள்ளிவிட்டு... தாழ்ப்பாளையும் போட்டுட்டேன்டா.